அன்பளிப்புக்கு அடியில் தொண்ணூற்றாறு டிகிரி

எங்கள் ஆலயத்தில் இடப்பக்கத்துக் கடைசி ஜன்னலுக்கு மேலே ஒரு டியூப்லைட் இருக்கிறது. அதில் வெளிச்சத்தைவிட எழுத்து அதிகம். குடும்பத்தின் பெயர், சொந்த ஊர், மகன் வாங்கிய பட்டம், யாருடைய நினைவாக என்ற விவரம் எல்லாவற்றையும் சிவப்புப் பெயின்டில் கண்ணாடி முழுக்க எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கு நடுவே கிடைத்த சந்துகளில் வெளிச்சம் தப்பித்து வருகிறது. அதற்குக் கீழே உட்காருகிறவர்கள் பாட்டுப் புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் முறையிட்டதாக எனக்கு நினைவில்லை.

டியூப்லைட்டோடு இது நிற்பதில்லை. மின்விசிறிகளின் எல்லா இறக்கையிலும் பெயர் உண்டு. சுற்றும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால்தான் அந்தக் குடும்பத்துக்கு உரிய மரியாதை கிடைக்கும். சுவர்க் கடிகாரத்தின் உள்ளே ஒரு பெரியவரின் முகம். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் சேர்ந்து அவர் நெற்றியில் போய் நிற்கும். யாருக்கும் தெரியாமல் கொடு என்று சொல்லும் பைபிள் வசனத்தையே ஒருவர் கிரானைட்டில் பொறித்து, கீழே வசனத்தைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டு நுழைவாசலில் பதித்திருக்கிறார். அதைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறோம். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் போகிறோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. ஆலயம் தாம்பரம் பக்கம். பிழைப்புக்கு, தினமும் ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பெட்டி சூடாகிறது என்றால் திறந்து தூசியை ஊதுவோம், காற்று போகும் வழியில் ஏதாவது அடைத்திருந்தால் எடுப்போம், மூடுவோம். அதற்குள் கேன்டீனில் டீ வந்திருக்கும். ஒரு கூட்டம் போட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

கொரோனா காலத்தில் ஆலயத்தை மூடியபோது ஆராதனையை நேரலையில் காட்ட ஆரம்பித்தோம். திறந்த பிறகும் அதை நிறுத்த முடியவில்லை. சபையில் பாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். என் அக்காவும் அப்படித்தான். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி எப்படி விழுந்தாலும் எங்கள் காலை ஆராதனையைப் பார்த்துவிடுவாள். பிரசங்கத்துக்காக அல்ல. அம்மா எப்போதும் இரண்டாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்காருவாள். கேமரா பின்னாலிருந்து எடுப்பதால் அம்மாவின் வெள்ளைக் கொண்டையும் ஒரு தோளும் ஓரத்தில் தெரியும். அக்காவுக்கு அது போதும். ஆராதனை முடிந்த கையோடு எனக்கு போன் வரும்: அம்மா ஏன் பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, முழங்கால் வலியா, ஏன் இருமிக்கொண்டே இருந்தாள், மருந்து வாங்கினாயா. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாததெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பழைய போனை வைத்துத்தான் ஓட்டினோம். பிறகு சபையில் ஒரு பெரிய மனிதர் சின்ன டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். தாம்பரத்தைச் சுற்றி மனை போட்டு விற்றவர் அவர். எல்லோருக்கும் அண்ணன். கொடுத்தது நல்ல பெட்டி, அதில் நான் குறை சொல்லமாட்டேன். அந்த அளவுக்குள் அவ்வளவு வேகத்தை அடைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே கிளம்பும் சூடு எங்காவது வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் அதன் தலையிலும் இரண்டு பக்கத்திலும் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார்கள்.

அந்தத் தலையில்தான் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அண்ணனின் தாயார் நினைவாக அன்பளிப்பு என்று எழுதி, தாயாரின் வண்ணப் புகைப்படத்தையும் போட்ட ஸ்டிக்கர். பெட்டி சின்னது, பக்தி பெரியது. ஆகவே ஸ்டிக்கர் பெட்டிக்குள் அடங்கவில்லை. மீந்ததை நான்கு பக்கமும் மடித்து, மேஜைவிரிப்பு மாதிரி இறக்கி, நகத்தால் தேய்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். கமிட்டியின் செயலர் தன் கையாலேயே ஒட்டியதாகப் பெருமையாகச் சொன்னார். அரசாங்க ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓட்டைகள் டிசைன் என்று நினைத்தாராம். ஆயர் ஜெபம் செய்தார், ரிப்பன் வெட்டினார்கள், கேக் கொடுத்தார்கள். பெட்டி அன்றைக்கே மூச்சுத் திணற ஆரம்பித்திருக்க வேண்டும்.

சூட்டை முதலில் கண்டுபிடித்தவர் வாட்ச்மேன். டீ டம்ளரை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். ஏன் இங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டீ ஆறாம கீது சார்," என்றார்.

நான் கையை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். கண் உள்ள யாருக்கும் காரணம் தெரியும். நான் ஒன்றும் மேதாவியல்ல. அன்றைக்கே செயலரிடம் போய், ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், அல்லது சின்னதாக வெட்டி முன்பக்கம் ஒட்டுங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ பீடத்தைத் தூக்கி வெளியே போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். அண்ணன் மனசு புண்படும் என்றார். அடுத்த வருஷம் காம்பவுண்ட் சுவர் கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். படித்தவர்கள் நிறைந்த கமிட்டி. பேராசிரியர் உண்டு, வங்கி அதிகாரி உண்டு. ஒரு ஸ்டிக்கரைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒருவர் பெட்டியைத் தலைகீழாக வைக்கலாம் என்றார். அப்படி வைத்தால் தாயார் தலைகீழாகத் தெரிவார் என்று இன்னொருவர் தடுத்தார். ஒரு ஈரத்துணி யோசனை வந்தது. கரண்ட் பெட்டியின் மேல் ஈரத்துணி போடுகிற புத்திசாலி யார் என்று நான் கேட்டதும் அது பின்வாங்கியது. ஸ்டிக்கரிலேயே ஊசியால் ஓட்டை போட்டுவிடலாமே என்று பேராசிரியர் சொன்னபோது எல்லோரும் உற்சாகமானார்கள். பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். ஊசியும் வந்தது. காற்றுக்கான ஓட்டைகள் எல்லாம் சரியாகத் தாயாரின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் கீழே இருந்தன. செத்துப்போன ஒரு அம்மாவின் முகத்தில் யார் ஊசியை இறக்குவது? ஊசி கைமாறிக் கைமாறி எடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். சூட்டைக் குறைக்கப் போவதில்லை, கண்காணிக்கப் போகிறார்கள். கம்ப்யூட்டரின் மூளை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டுத்தரச் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை, போட்டுக்கொடுத்தேன். எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று கேட்டார் செயலர். எண்பதுக்குள் இருந்தால் நல்லது, தொண்ணூறைத் தாண்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நூறைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு காரியம் நடந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு செயலருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பெட்டியின் அருகே நாற்காலி போட்டு, கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டு அந்த எண்ணைப் பார்ப்பார். ஆராதனை முடிந்ததும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்: இன்று அதிகபட்சம் தொண்ணூற்று மூன்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழும். ஒரு ஞாயிறு தொண்ணூற்றாறு போனது. அடுத்த வாரம் நோயாளிகளுக்கான ஜெபத்தில், பெயர் சொல்லாமல், நம் ஊழியத்துக்குப் பயன்படும் கருவியின் உஷ்ணம் தணிய வேண்டும் என்று ஆயரும் ஒரு வரி சேர்த்தார். ஆமென் என்றார்கள். என் பக்கத்தில் அம்மாவும் ஆமென் என்றாள். நான் அவளை முறைத்தேன். யாருக்காக ஜெபித்தாலும் ஆமென் சொல்லிவிடு, நமக்கென்ன கஷ்டம் என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்.

ஏ.சி. ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படியோ ஒப்பேறியது. படம் நடுநடுவே திக்கும். பாடகர் குழு வாயைத் திறந்தபடி நிற்கும், பிறகு ஒரே தாவலாகப் பாட்டின் அடுத்த அடிக்குப் போய்விடும். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் கமிட்டியைத் திட்டித் தீர்ப்பேன். அவள் கேட்டுவிட்டு, சரி, அம்மாவை இன்னும் கொஞ்சம் நடுவில் வரும்படி உட்காரச் சொல் என்பாள்.

கத்திரி வெயிலில் அம்மா போய்விட்டாள். காலையில் காபி குடித்தாள், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா அப்போதுதான் லீவு முடிந்து திரும்பியிருந்தாள். மறுபடி விட முடியாது என்று அவளுடைய ஆஸ்பத்திரி கைவிரித்துவிட்டது. அழுது, கெஞ்சி, சண்டை போட்டு, ஒன்றும் நடக்காமல் சாயங்காலம் என்னிடம் பேசினாள். வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்த அம்மாவை வீடியோ காலில் காட்டினேன். கூட்டத்தில் யார் யாரோ இடித்ததில் அவளுக்கு மின்விசிறியும் முழங்கைகளும்தான் தெரிந்தன.

"நாளைக்கு கோயில்ல லைவ்லயே பாத்துக்கறேன்டா, அதுல தெளிவா தெரியும்," என்றாள். "பெட்டி மூடறதுக்கு முன்னாடி முகத்தை ஒரு தடவை கிட்டத்துல காட்டச் சொல்லு. அது போதும் எனக்கு."

எங்கள் வழக்கத்தில் அடக்க ஆராதனை முடிந்ததும் குடும்பத்தார் வரிசையாக வந்து கடைசியாக முகம் பார்ப்பார்கள். பிறகு பெட்டியை மூடுவார்கள். மூடினால் மூடியதுதான். அக்கா கேட்டது அந்த ஒரு நிமிஷத்தை.

நான் செயலருக்கு போன் செய்தேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், அக்கா பார்க்க வேண்டும் என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் மிகவும் அன்பாகப் பேசினார். "நான் பாத்துக்கறேன் தம்பி. நாளைக்கு நானே பெட்டி பக்கத்துல உக்காந்துக்கறேன். நீங்க அம்மாவைப் பாருங்க." உரிப்பேன் என்று அவர் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

மறுநாள் ஆலயத்தில் ஏ.சி. போடவில்லை. கல்யாணத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் மட்டுமே ஏ.சி. என்று கமிட்டி எப்போதோ தீர்மானம் போட்டிருக்கிறது. அடக்கத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சநேரம்தானே இருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பெயர் எழுதிய விசிறிகள் சூடான காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தன. அண்ணன் ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்து, அம்மாவின் காலடியில் வைத்து, என் தோளை அழுத்திவிட்டுப் போனார். நான் அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். போனை அணைக்கச் சொன்னார்கள். நான் சத்தத்தை மட்டும் நிறுத்திப் பாக்கெட்டில் போட்டேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். செயலர் சொன்னபடியே பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையின் மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முகம் பார்க்க எழுந்தோம். அம்மாவுக்கு அவளுடைய வெள்ளைப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் வியர்வை மாதிரி ஈரம் இருந்தது, ஃப்ரீசரிலிருந்து எடுத்ததால். நான் கைக்குட்டையால் துடைத்தேன். அக்கா பார்ப்பாள் என்று நினைத்து, முகத்தை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களையும் ஒதுங்கச் சொன்னேன். கேமரா இருக்கும் பக்கம் வழிவிட்டு, எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே ஓரத்தில் நின்றோம். பிறகு பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கியபோதுதான் போனை எடுத்தேன். திரை முழுக்க அக்காவின் அழைப்புகள். நான் கூப்பிட்டதும் எடுத்தாள். அவளுடைய தோழி ஒருத்திதான் போனை வாங்கி, ஆயர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது, பிறகு இருட்டாகிவிட்டது, திரும்ப வரவே இல்லை அண்ணா என்றாள். நர்ஸ் விடுதியில் எல்லோரும் அந்த இருட்டுத் திரைக்கு முன்னால், வரும் வரும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நாங்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றது, அணைந்துபோன ஒரு டப்பாவுக்காக.

செயலர் கல்லறைத் தோட்டத்துக்கும் வந்திருந்தார். நான் கேட்பதற்குள் அவரே வந்தார்.

"நூறு வரைக்கும் கண்ணை எடுக்காமப் பாத்தேன் தம்பி," என்றார். "அதுக்கு மேல அதுவே ஆஃப் ஆயிடுச்சு."

அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார், பார்த்தார். தொண்ணூற்றேழைப் பார்த்தார், தொண்ணூற்றெட்டைப் பார்த்தார், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் இருந்தது, நூறையும் பார்த்தார். இவரைப் போன்றவர்கள்தான் ஆயுள் முழுக்க நம் மனுக்களையும் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அங்கே நிற்கும்போதே தோன்றியது. அடித்துவிடலாம்போல இருந்தது. என் கையில் அம்மாவின் மண் இன்னும் ஈரமாக இருந்ததால் திரும்பி நடந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் செயலருக்கும் முன்னால் ஆலயத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல், மெதுவாக உரித்தேன். அந்த அம்மாவின்மேல் எனக்கு என்ன கோபம்? முகம் மடங்காமல் ஒரு காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்தேன். பெட்டியை இயக்கி, கேமராவையும் ஓடவிட்டு, அரைமணி நேரம் எண்ணைப் பார்த்தேன். ஐம்பத்தாறு. அதற்கு மேல் ஏறவில்லை. ஓட்டைகளிலிருந்து இளஞ்சூடான காற்று என் உள்ளங்கையில் பட்டது. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் கூட்டமும் ஊசியும் ஜெபமும்.

செயலர் வந்து, பார்த்து, நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஆராதனை முடிந்து அண்ணன் வந்தபோது கமிட்டி மொத்தமும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கியது. அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"இது காத்துப் போற வழியை அடைச்சுட்டு இருந்தது அண்ணா. அதனாலதான் அன்னிக்கு லைவ் நின்னுபோச்சு. அக்காவால அம்மா முகத்தைப் பாக்க முடியல."

அவர் அட்டையில் இருந்த தன் அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே தம்பி," என்றார்.

எடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தவர் யாருமில்லை. அந்த யாருமில்லையில் நானும் சேர்த்திதான்; கமிட்டியைத் திட்டுவதில் இருந்த சுகத்தில், நாலு எட்டு நடந்து அவரிடமே போய்ச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவர் மனசு புண்படும் என்று இத்தனை பேர் இத்தனை மாதம் பயந்தோம். புண்பட்டதோ இல்லையோ, அட்டையை அவர் செயலரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். செயலர் அதை வீணாக்கவில்லை. மறுவாரம் வந்து பார்த்தால் தாயார் ஆம்ப்ளிஃபயரின் தலையில் இருந்தார். அதற்கும் தலையில் ஓட்டைகள் உண்டு. அங்கே திரை இல்லாததால் எண் எதுவும் தெரியவில்லை. ஆகவே கவலையும் இல்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில வாரம் கழித்து செயலர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். நடந்ததற்கு கமிட்டி மிகவும் வருத்தப்படுகிறது என்றார். இனி இப்படி நடக்காமல் இருக்க, பெட்டிக்குக் காற்று வீச ஒரு சின்ன ஃபேன் வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறதாம். குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய சலுகை தருகிறவர்போலச் சொன்னார்: "அதை நீங்களே அம்மா நினைவா கொடுத்துடுங்களேன் தம்பி. பேரு, போட்டோ எல்லாம் போட்டுக்கலாம்."

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை. பெட்டி ஐம்பத்தாறில் இருக்கிறது, அதற்கு ஃபேன் எதற்கு என்றேன். இருந்தால் நல்லதுதானே என்றார். என் அம்மாவின் முகத்தை உங்கள் கையில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ரயில்வே கேட்டைத் தாண்டி வீடு வரும்வரை, கேட்டவர்கள் பயப்படும் அளவுக்கு, தனியாக வாய்விட்டுப் பேசிக்கொண்டு வந்தேன்.

அவர் என்னோடு விட்டுவிடவில்லை. அக்காவும் சபை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். ஃபேன் விஷயத்தை அவளுக்கே எழுதிவிட்டார். சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். ஃபேன் வாங்கப் பணம் அனுப்புகிறேன், அம்மாவின் கிறிஸ்துமஸ் போட்டோவைப் போடு, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றாள். என் காதையே நம்ப முடியவில்லை. ஒரு ஸ்டிக்கரால்தான் உனக்கு அந்த நிமிஷம் இல்லாமல் போனது, அதே பைத்தியக்காரத்தனத்தை நாமும் செய்வதா, அந்த ஃபேனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இவர்களையெல்லாம் உனக்குத் தெரியாதா என்று பொரிந்து தள்ளினேன்.  நான் மூச்சு வாங்கியதும் அவள் சொன்னாள்:

"உனக்கென்னடா. நீ பெட்டி மூடறவரைக்கும் பாத்துட்ட. எனக்கு அந்தப் பேராவது அங்க இருக்கட்டும்."

 

தாம்பரம் மார்க்கெட்டில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மேஜை ஃபேன் வாங்கினேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் போடும் கடையில் போட்டோவைக் கொடுத்தேன். அதில் அம்மாவின் தோளில் என் கை இருந்தது. கடைக்காரர் என்னை வெட்டி எடுத்தவர், தோளில் இருந்த விரல்களை மட்டும் எடுக்க முடியாமல் விட்டுவிட்டார். பெரிதாகப் போடச் சொன்னாளே என்று பெரிதாகவே போட்டேன். ஆலயத்துக்குப் போய், ஃபேனை வைத்து, எங்கே ஒட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சின்ன ஃபேனில் காற்று வருகிற இடத்தைத் தவிர வேறு இடமே இல்லை. கம்பி வலையின் நடுவில், நகத்தால் தேய்த்து, குமிழி இல்லாமல் ஒட்டினேன்.

ஃபேன் சுற்றுகிறது. காற்று அம்மாவின் முதுகில் மோதி நாலு பக்கமும் சிதறிவிடுகிறது. பெட்டிக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. அதனால் பாதகமும் இல்லை. வழி திறந்திருப்பதால் பெட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. செயலருக்கு இது புரியாது. புதிய ஃபேன் வந்தபின் உஷ்ணம் ஐம்பத்தாறாகக் குறைந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று குழுவில் போட்டார். கைகூப்பும் படங்கள் விழுந்தன. பாடகர் குழுவில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து, அம்மா ஃபேன் நன்றாக வேலை செய்கிறதாமே என்கிறார்கள். வாயில்வரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் அக்கா இப்போதும் கூப்பிடுகிறாள். இரண்டாவது வரிசையைப் பற்றி அவள் கேட்பதில்லை. போன வாரம் படம் எங்கேயும் திக்கவில்லை என்றாள். நம்பர் எவ்வளவு இருந்தது என்று கேட்டாள்.

"அம்பத்தாறு."

"அம்மா ஃபேனாலதானே?"

"ஆமாக்கா," என்றேன்.